பழமை பேசப் போன இடத்தில்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. நேற்று மதியம் என்ன குழம்பு என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் போன வருடம் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் நடந்தது மட்டும் மறக்கவில்லை. மருமகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "எழுதுங்கத்தை, தப்பிருந்தா இருக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். கணவர் போன பிறகு, சரவணம்பட்டியில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி. மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் பகல் முழுக்கப் பேச ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

நானும் வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை. நான்கு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சே வராது. கல்யாணப் பந்தியில் குழம்புக்காரர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டபோது, கூப்பிடக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்று எழுந்தவள் நான். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்கவே அப்படித்தான் இருந்தேன்.

ஒன்று மட்டும் விடவில்லை. எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் படிப்பேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கம், லிஃப்டில் ஒட்டியிருக்கும் தண்ணீர் லாரி அறிவிப்பு, மசாலாப் பாக்கெட்டில் உள்ள செய்முறை, எதையும் விடமாட்டேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வேகம் கிடையாது. லிஃப்ட் அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் கதவு சாத்தி, மேலே போய், மறுபடி கீழே வந்திருக்கிறேன்.

கீரை வாங்கப் போகும் வழியில்தான் அந்த நூலகம். கிளை நூலகம், சின்னக் கட்டடம். ஒன்றிரண்டு வருடம் அதன் வாசலைத் தாண்டிப் போய்வந்தேன். ஒருநாளும் உள்ளே போகவில்லை. அது படித்தவர்கள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானேதான் போகவில்லை.

மே மாதம் வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். கோடை விடுமுறைக் கொண்டாட்டம் என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே கிழமை வாரியாக எழுதியிருந்தது. கீரைப் பையோடு நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். திங்கள் ஓவியம். செவ்வாய் காகிதத்தில் பொம்மை செய்வது. புதன் என்ற இடத்தில், "பழமை பேசுவோம் வாங்க! பெரியவர்களுக்கு அன்பான அழைப்பு" என்று போட்டிருந்தது. வியாழன் சதுரங்கம். வெள்ளி, உரக்க வாசிப்போம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பழமை என்றால் பேச்சு. இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால், "அங்க என்ன பழம?" என்றுதான் கேட்போம். வேலையை விட்டுவிட்டு அரட்டை அடித்தால், "பழம பேசுனது போதும், வாங்க" என்று கூப்பிடுவோம். அதனால் அந்த வரியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், வயசானவர்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வாரத்தில் ஒருநாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று. நம்மைப் போல ஆள் நிறையப் பேர் இருப்பார்கள் போலிருக்கிறது, அதனால்தான் அரசாங்கமே ஏற்பாடு செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதன்கிழமை காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு டப்பாவில் முறுக்கும் எடுத்து வைத்தேன். பேசப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதா?

மருமகள் பார்த்துவிட்டாள். "ஏனுங்கத்தை, காலங்காத்தால சீலை மாத்திட்டீங்க? எங்க கெளம்பிட்டீங்க?"

"லைப்ரரிக்குக் கண்ணு. பழம பேச வாங்கன்னு போட்டிருக்குது."

"லைப்ரரியிலயா? அங்க பேசுனாத் தொரத்தியல்ல உடுவாங்க!" என்று சிரித்தாள். அப்புறம், "சரிங்க, போயிட்டு வாங்க. போனை மறந்துராதீங்க" என்றாள்.

அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். நூலகர் ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர். "வாங்கம்மா, உக்காருங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுருவாங்க" என்றார். ஜன்னலோரம் ஒரு பெரியவர் செய்தித்தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். குழந்தைகளுக்காகப் போட்டிருந்த தணிவான மேசையில் படப் புத்தகங்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து, விரலை வைத்து முணுமுணுவென்று படித்தேன். கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பனி மட்டுமே இருக்கிற தேசத்துப் பறவை பற்றிய புத்தகம் அது. பென்குயின் என்று போட்டிருந்தது. அந்தப் பறவை முட்டையிட்டதும் தாய் கடலுக்கு இரை தேடப் போய்விடுமாம். தகப்பன் பறவை முட்டையைத் தன் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு, பனிப்புயலில் இரண்டு மாதம் நின்ற இடத்திலேயே நிற்குமாம். தீனி கிடையாது. முட்டை கீழே உருண்டால் உறைந்து போய்விடும். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆண்பிள்ளை ஒருத்தன் இரண்டு மாதம் பிள்ளையைக் கீழே விடாமல் வைத்திருக்கிறான்! இதையெல்லாம் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லையே. குஞ்சு வெளியே வரப்போகிறது, தகப்பனோ எலும்பும் தோலுமாகிவிட்டது, தாய் வந்து சேருமா என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"பாட்டி, வந்துட்டீங்களா! ஒருத்தருமே வரமாட்டாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்று ஒரு பெண் வந்தாள். அந்தக் கோடை விடுமுறை முகாமை நடத்துகிறவள். கல்லூரியில் பாடம் நடத்துகிறாளாம், விடுமுறையில் இங்கே வந்து குழந்தைகளுக்காக இதைச் செய்கிறாள். இந்தப் பக்கத்துப் பெண் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம். பேசிக்கொண்டே என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். எல்லாமே அன்பாகத்தான். புத்தகத்தை வாங்கியதும் அன்பாகத்தான்.

கூடத்தில் ஒரு மேசை. அதன்மேல் அரிக்கேன் விளக்கு, தானியம் அளக்கிற வள்ளம், ஓட்டைக் காலணா, சுழற்றிப் பேசுகிற கறுப்பு டெலிபோன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர் எழுதிய சீட்டு. அந்த மேசையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். எனக்கு மட்டும்தான் சீட்டு எழுதி வைக்கவில்லை. எதிரே தரையில் முப்பது குழந்தைகளுக்கு மேல் இருக்கும். வேறு வயசானவர்கள் யாராவது வருவார்கள் என்று வாசலையே பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மே மாத வெயிலில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு நம்ம பாட்டி, பழைய காலத்து வாழ்க்கை எவ்வளவு இனிமையா இருந்ததுன்னு நமக்குச் சொல்லப்போறாங்க" என்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் எழுதிய பழமை வேறு, நான் படித்த பழமை வேறு. முறுக்கு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பாட்டி, அந்தக் காலத்துல டிவி இல்ல, செல்போன் இல்ல. பொழுது எப்படிப் போச்சு?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினாள்.

"பொழுது எங்கீங்க போச்சு? வேலைதான் போயிட்டிருந்துச்சு" என்றேன். குழந்தைகள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

"என்ன பாட்டி சாப்பிட்டீங்க?"

"கம்பஞ்சோறுங்க."

"பாத்தீங்களா பிள்ளைங்களா! எவ்வளவு சத்தான சாப்பாடு!"

"சத்துன்னு திங்கலைங்க. வேற இல்லைன்னு தின்னோம். நெல்லுச்சோறு நோம்பி நொடிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு."

நோம்பி என்றால் பண்டிகை. அந்தப் பெண் லேசாக இருமிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கிணற்றில் நீச்சல், தாயம், பல்லாங்குழி என்று அவளே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆமாம், இல்லை தவிர வேறு வரவில்லை. கண் அலமாரிப் பக்கமே போனது. அந்தப் புத்தகம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "பாட்டி, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவது கண்ணு."

முகாம் நடத்துகிற பெண்ணுக்கு என்னவோ என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது. சட்டென்று மைக்கை எடுத்து, "அஞ்சாவதுதான் படிச்சிருக்காங்க. ஆனா இவங்களே ஒரு பெரிய புத்தகம். அனுபவம்தான் இவங்க படிப்பு. இவங்களுக்கெல்லாம் வேற புத்தகமே தேவையில்லை. எல்லாரும் பாட்டிக்கு ஒரு கைதட்டல்!" என்றாள்.

எல்லோரும் தட்டினார்கள். நூலகரும் தட்டினார். ஜன்னலோரத்துப் பெரியவரும் செய்தித்தாளை மடியில் போட்டுவிட்டுத் தட்டினார்.

அந்தக் கைதட்டல் என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. காது சூடானது. தேவையில்லை, தேவையில்லை என்றுதான் என் வாழ்க்கை முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் அதே சொல்தான். அப்போதாவது திட்டிச் சொன்னார்கள். இப்போது கை தட்டிச் சொல்கிறார்கள்.

"வேணுமுங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து நின்று, மைக்குக்குக் கை நீட்டினேன். அந்தப் பெண் நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

"எனக்குப் புத்தகம் வேணுமுங்க. தேவையில்லைன்னு நீங்க சொல்லாதீங்க. எங்கூர்ல அஞ்சாவது வரைக்குந்தான் பள்ளிக்கூடம். பரீச்சை எழுதுனோம். முழுப் பரீச்சை லீவு உட்டாங்க. லீவு முடிஞ்சதும் என்ற பொறந்தவன் சைக்கிள்ல டவுனுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். எங்கப்பா என்னைய ஆட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. வாத்தியாரு ஊட்டுக்கே வந்து, நல்லாப் படிக்கற புள்ளைங்க, அனுப்புங்கன்னு கேட்டாரு. பொட்டப்புள்ளைக்கு இதுக்கு மேலத் தேவையில்லைன்னுட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தேன். ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கெல்லாம் இந்த லீவு ஒரு மாசத்துல முடிஞ்சுரும் கண்ணுகளா. எனக்கு அன்னைக்கு உட்ட லீவு அறுவது வருசமா முடியலை. அந்தக் காலம் நல்லா இருந்துச்சுன்னு நீங்க எழுதிக்காதீங்க. நல்லா இல்லை."

நானா இவ்வளவு பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச்சு வராது என்று பயந்து, நிறுத்தாமல் நூலகரைப் பார்த்துக் கேட்டேன்.

"எனக்கு ஒரு கார்டு போட்டுக் குடுங்க. அந்தப் பறவைப் புத்தகத்தை எடுத்துட்டுப் போகோணும். பாதியில நிக்குது."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டி, "பிள்ளைகளுக்குக் குடு கண்ணு" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

நூலகர் எழுந்து வந்தார். "போட்டுரலாமுங்கம்மா. ஆதார் இருக்குதுங்களா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது வெள்ளகோவில் பக்கத்து முகவரிங்க. இங்கத்த முகவரி இருந்தாத்தான் நம்ம கிளையில போட முடியும். ஒண்ணு பண்ணலாமுங்க. உங்க பையன் பேர்ல கார்டு போட்டுருவோம். அவர் பேர்ல நீங்க எடுத்துக்கலாம்."

"என்ற பேர்ல வேணுமுங்க."

"புத்தகம் ஒண்ணுதானுங்களேம்மா. யார் பேர்ல எடுத்தா என்னங்க?"

"படிக்கப்போறது நானுங்க. என்ற பேர்லயே போடுங்க. எப்ப ஆனாலும் பரவாயில்லை."

அவர் ஆதாரைத் திருப்பிக் கொடுத்தார். சட்டம் அப்படி, அவர் என்ன செய்வார்? நானும் கிளம்பவில்லை. குழந்தைகள் காலணாவையும் டெலிபோனையும் பார்க்கக் கூடிய நேரத்தில், அலமாரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தத் தணிவான மேசையில் உட்கார்ந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகத்தானே முடியாது, இங்கேயே படிக்கலாம் அல்லவா?

அங்கேதான் அடுத்த வினை. எனக்கு வாய்க்குள் படிக்க வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சத்தம் போட்டுத்தான் படிப்போம். சத்தம் வந்தால்தான் படிக்கிறோம் என்று வாத்தியாருக்கு நம்பிக்கை. மனசுக்குள் படிக்கிற வகுப்புக்கு நான் போகவே இல்லை. விரலை வைத்து, எழுத்தைக் கூட்டி, வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு அர்த்தம் ஏறும்.

ஜன்னலோரத்துப் பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஏனுங்கம்மா, இது லைப்ரரிங்க. மனசுக்குள்ள படிங்க."

"எனக்கு அது வராதுங்க."

"வராட்டி ஊட்டுல இருக்கலாமில்லீங்க? பேரன் பேத்திக்குச் சோறாக்கிப் போடற வயசுல அ, ஆ படிக்கோணுமாக்கும்?"

வேறு நாளாக இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்திருப்பேன். அன்று என்னவோ நாக்கு கட்டவிழ்ந்துவிட்டது. "அ, ஆ நான் அப்பவே படிச்சுட்டனுங்க. இது அதுக்கு அடுத்தது" என்றேன்.

அதற்குள் நூலகர் வந்து சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அமைதி காக்கவும் என்று எழுதியிருந்தது. அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரி, எழுதிப் போட்டிருப்பதை மீறக்கூடாது. ஆனால் எழுதிப் போட்டது இன்னொன்றும் இருந்ததே.

"வெள்ளிக்கெழமை உரக்க வாசிப்போம்னு வாசல்ல போட்டிருக்குதுங்க. சத்தமாத்தான படிக்கோணும்?" என்று கேட்டேன்.

"அது குழந்தைகளுக்குங்கம்மா..."

"பெரியவங்க வரக்கூடாதுன்னு போடலீங்களே."

நூலகர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் குழந்தைகளுக்கு நடுவில் இருந்து என்னைப் பார்த்தாள். அப்புறம், "போடலை சார். வயசு எதுவும் போடலை. பேர் எழுதிக்கிறேன் பாட்டி" என்றாள்.

"அப்ப வெள்ளிக்கெழமை வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முறுக்கு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், தெருமுனையில்தான் ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி தூங்கவே இல்லை. கோபம் இறங்கியதும் கூச்சம் ஏறிக்கொண்டது. முப்பது குழந்தைகளுக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படித்தால் சிரிக்க மாட்டார்களா? மகனிடம் நடந்ததைச் சொன்னேன். "எதுக்கும்மா இதெல்லாம்? போன்லயே எல்லாக் கதையும் வருது, கேட்டுக்கலாமில்ல?" என்றான். "கேக்கறதுக்கு இல்லை சாமி, படிக்கறதுக்கு" என்றேன். அவனுக்கு வித்தியாசம் புரியவில்லை. மருமகள் மட்டும், "போங்கத்தை. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை போனேன். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் படிக்க வேண்டும், எந்தப் புத்தகமாக இருந்தாலும் சரி. குழந்தைகள் கடகடவென்று படித்தார்கள். ஒரு பையன் மூச்சே விடவில்லை. என் முறை வந்தது. பறவைப் புத்தகத்தில் விட்ட இடத்திலிருந்து நின்றுகொண்டு படித்தேன். விரலை வைத்துக்கொண்டேன். முதல் வரியிலேயே அண்டார்டிகா என்று வந்தது. அண்... அண்டா... அதற்குமேல் நகரவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முன்னாடி என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அன்று நிமிர்ந்து பார்த்து, "சிரிங்க கண்ணு, சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் திரும்ப ஆரம்பிக்கறேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. இரட்டைச் சடைச் சிறுமி, "அண்டார், டிகா. ரெண்டாப் பிரிச்சுச் சொல்லுங்க பாட்டி" என்றாள். பிரித்துச் சொன்னேன். வந்தது.

ஜன்னலோரத்துப் பெரியவர் அன்றும் இருந்தார். "ஏனுங்கம்மா, பொழுதெறங்கறதுக்குள்ள முடிஞ்சுருமுங்களா?" என்றார்.

"நீங்க பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கேட்டீங்கன்னா சுருக்கா முடிஞ்சுருமுங்க."

இந்தத் தடவை குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடமாவது ஆகியிருக்கும். பனிப்புயல், தகப்பன் பறவைகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது, ஓட்டுக்குள் குஞ்சு கொத்துகிற சத்தம் கேட்பது எல்லாம் வந்தது. நான் மெதுவாகப் படித்ததால்தானோ என்னவோ, குழந்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் கடைசி வரியையும் முடித்து, புத்தகத்தை மூடி, உட்கார்ந்தேன். பரிசு மூச்சுவிடாமல் படித்த பையனுக்குக் கொடுத்தார்கள். அதுதான் நியாயம். எனக்குக் கைதட்டவில்லை என்று நினைக்கிறேன். தட்டியிருந்தாலும் ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை. "ஏனுங்கம்மா, அந்தத் தாய்ப்பறவை வந்துச்சுங்களா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"புத்தகம் உள்ளதான் இருக்குதுங்க. மனசுக்குள்ளயே படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

கார்டு வாங்கத்தான் நாளாகிவிட்டது. ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். முன்பு மகன் மாற்றச் சொன்னபோதெல்லாம் நான்தான் வேண்டாம் என்றிருந்தேன், ஊரோடு இருக்கிற கடைசி ஒட்டு அது என்று. இப்போது நானே கேட்டு, நான் அவன் வீட்டில்தான் இருக்கிறேன் என்று மகனிடம் கையெழுத்து வாங்கி, தனியாக டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனேன். கோயமுத்தூரில் நான் தனியாக ஏறிய முதல் பஸ் அதுதான். ஆதார் மையத்தில் என் கைரேகை விழவில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். அங்கிருந்த பெண், "ரேகை தேஞ்சு போச்சுங்கம்மா, கூட யாராச்சும் வந்திருக்காங்களா? இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றாள். "கூட யாரும் வரமாட்டாங்க. நானே வருவேன்" என்றேன். நானேதான் போனேன். இரண்டாவது தடவை கண்ணை வைத்துப் பதிந்தார்கள்.

புது முகவரியோடு ஆதார் வந்ததும் நூலகத்துக்குப் போனேன். விடுமுறை முடிந்து, பேனரெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். நூலகர் படிவத்தை எடுத்து, "சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன்" என்றார். "நானே எழுதறனுங்க" என்று வாங்கிக்கொண்டேன். முடிக்க நேரமானது. அவர் காத்திருந்தார். கடைசியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன். அந்தப் பறவைப் புத்தகத்தை என் பெயரில் பதிந்து கொடுத்தார். தாய்ப்பறவை சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முகாம் நடத்திய அந்தப் பெண்ணை மறுபடி ஒருநாள் அங்கே பார்த்தேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பாட்டி" என்றாள். "நீ நல்லதுன்னு நெனச்சுத்தான கண்ணு சொன்னே" என்றேன். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்பா மேல்கூட இப்போது அவ்வளவு இல்லை. என் மேல்தான் இருக்கிறது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேனே, வெளியே வந்து எனக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லியிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது வேறு. ஆனால் சொல்லாமல் விட்டது நான்தான். அது வேண்டும் என்று எனக்காக இன்னொருவர் வந்து சொல்வார் என்று பாதி ஆயுளைக் காத்திருந்து கழித்திருக்கிறேன். இனிமேல் எந்தக் கூட்டத்திலும், யார் கை தட்டினாலும், யார் சிரித்தாலும், எனக்கு வேண்டியதை நான் எழுந்து நின்று என் வாயால்தான் கேட்பேன்.

இதை யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சதுரங்கம் வியாழன்தானா, குழந்தைகள் முப்பதா நாற்பதா என்பதெல்லாம் எனக்கு உறுதியில்லை. பறவை முட்டையோடு நின்றது இரண்டு மாதம்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். மைக்கில் நான் பேசியதை மட்டும் நயமாக மாற்றிவிடாதீர்கள், அது அப்படியேதான் பேசினேன்.